சுமைதாங்கியின் உயரம்

குடத்தை நிரப்புவதில் பெரிய சிரமம் இல்லை. நிரம்பிய குடத்தைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றுவதில்தான் சிரமம். 15 லிட்டர் கொள்ளும் குடமென்றால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. குனிந்து எடுத்து, முழங்காலில் ஒரு கணம் தாங்கி, அங்கிருந்து ஒரே மூச்சில் தலைச் சும்மாட்டுக்கு ஏற்ற வேண்டும். அந்த இரண்டு மூன்று நொடிகளில்தான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அடிவயிறு இழுக்கிறது. பத்து வயதுச் சிறுமி பாதித் தண்ணீரைத் தன்மீதே கொட்டிக்கொள்கிறாள். தலைச்சுமை எடுக்கும் பெண்கள் இன்னொருத்தி வரும்வரை காத்து நிற்பது இதனால்தான். “கொஞ்சம் தூக்கிவிடுக்கா” என்று கேட்க ஒருத்தி வேண்டும்.

நம் கிராமங்களில் நிற்கும் அடிபம்பு நல்ல பொறியியல். சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை அடிப்படையாக வைத்து, 1970களில் யுனிசெஃப்பின் துணையோடு மேம்படுத்தி, கோவைப் பகுதியில் சோதித்துப் பார்த்து, இந்தியா மார்க் 2 என்ற பெயரில் நாடெங்கும் ஊன்றினார்கள். பிறகு அது கடல் கடந்தும் போனது. ஆழத்திலிருந்து தண்ணீர் எப்படி மேலே வரும், எத்தனை நாள் பழுதில்லாமல் வரும் என்றெல்லாம் யோசித்தவர்கள் கைப்பிடியின் நீளத்தையும் அதன் சங்கிலியையும் நுணுக்கமாகக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு பம்பின் வாயோடு முடிந்துபோனது. வாயிலிருந்து தலைவரையுள்ள தூரத்துக்கு எந்தத் துறையும் பொறுப்பேற்கவில்லை.

அந்தத் தூரத்தை ஒரு கலை முயற்சி எடுத்துக்கொண்டது. மும்பையைச் சேர்ந்த கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் 1990களின் பிற்பகுதியில் பஸ்தருக்குப் போனார். அப்போது அது மத்தியப் பிரதேசம்; சத்தீஸ்கர் 2000ஆம் ஆண்டு நவம்பரில்தான் தனி மாநிலமானது. கோண்டாகாவ் என்ற ஊரில், வெண்கல வார்ப்புக் கலைஞர் ஜெய்தேவ் பகேல் நடத்திவந்த சிற்பக் கிராமத்தில் பழகி, ஆதிவாசிக் கலைஞர்கள் சாந்திபாய், ராஜ்குமார் கொர்ராம், கெஸ்ஸுராம் விஸ்வகர்மா ஆகியோரோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார். ஒரு கண்காட்சிக்கான கூட்டு முயற்சியாக ஆரம்பித்தது ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதன் பலன்களில் இரண்டு இங்கே நமக்கு முக்கியம். ஒன்று, ‘நல்பர்’ எனப்படும் பம்பு மேடைகள். மற்றது, ‘பில்லா குடி’ எனப்படும் குழந்தைகளுக்கான இடங்கள். பிள்ளைகளின் கோயில் என்று பொருள். ‘பில்லா’ என்று எழுதியதைப் படித்ததுமே தமிழ்க் காது ‘பிள்ளை’ என்று கேட்டுக்கொள்ளும். கோண்டி நம் மொழியின் உறவுக்காரி. பஸ்தரின் பொதுப் பேச்சு மொழியான ஹல்பி வேறு குடும்பம் என்றாலும், அக்கம்பக்கத்துச் சொற்கள் வேலி தாண்டி வரத்தானே செய்யும்.

‘நல்பர்’ என்பதை அப்படியே தமிழில் சொன்னால் ‘குழாயடி’. அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் அடுத்த சொல் ‘சண்டை’. சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்தால் பத்திரிகைகள் ‘குழாயடிச் சண்டை’ என்று எழுதும். கூச்சல் போட்டவர்கள் வேட்டி கட்டியவர்களாக இருந்தாலும் இழிவு மட்டும் குடம் தூக்கியவள் பக்கம் வந்து சேரும். தண்ணீர் போதாததால் சண்டை வருகிறது. வீட்டில் வாய் திறக்க முடியாதவள் அங்கே திறக்கிறாள் என்பதாலும் வருகிறது. ஊரில் ஆண்களுக்குத் திண்ணையும் டீக்கடையும் ஆலமரத்தடியும் இருக்கின்றன. வேலை எதுவும் கையில் இல்லாமல் ஒரு பெண் நின்று பேச ஊரில் இடம் கிடையாது. கையில் குடம் இருந்தால்தான் அவள் நிற்கலாம். குடம் அவளுடைய அனுமதிச் சீட்டு.

நல்பர் மேடைகள் இதைப் பார்த்தவர்களின் வேலை. பம்பைச் சுற்றிச் சிமென்ட் தளம், வழியும் நீர் சேறாகத் தேங்காமல் போக வடிகால், தளத்தை அணைத்தாற்போல ஒரு சுவர். சுவரில் குடம் வைக்கும் திட்டுகளும் மாடங்களும். நிரம்பிய குடத்தை முதலில் திட்டுக்கு ஏற்றி, நின்று, மூச்சு வாங்கி, பிறகு அங்கிருந்து தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். தனியாக வந்தவளுக்கும் முடியும். சுவரிலும் தூண்களிலும் உள்ளூர்க் கலைஞர்கள் தங்கள் உலகத்திலிருந்து எடுத்துச் செய்த உருவங்கள். புகைப்படங்களில் பார்க்கும்போது ஒரு சிறிய கோயில் முகப்பு மாதிரியும் தெரியும், நன்றாகக் கட்டிய கிணற்றடி மாதிரியும் தெரியும். கலை விமர்சகர் கிராண்ட் கெஸ்டர் கூட்டுக்கலை பற்றி 2011இல் வெளியிட்ட நூலில் இவற்றை விரிவாக எடுத்துப் பேசுகிறார். பெண்களும் குழந்தைகளும் ஆண் கண்காணிப்பு இல்லாமல் கூடும் ஒரு சில இடங்களில் பம்படியும் ஒன்று என்பதை அவர் கவனித்திருக்கிறார்.

நிலக்கலை என்ற பெயரில் உலகக் கலை வரலாறு வைத்திருக்கும் படங்களோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1969இல் மைக்கேல் ஹைசர் நெவாடாவின் மேட்டு நிலமொன்றில் எதிரெதிராக இரண்டு பள்ளங்களை வெட்டினார். 2,40,000 டன் பாறையும் மண்ணும் பெயர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு ராபர்ட் ஸ்மித்சன், யூட்டாவின் பெரும் உப்பு ஏரிக்குள் 1,500 அடி நீளத்துக்குக் கருங்கல்லால் சுருளான ஒரு கரை போட்டார். கனரக இயந்திரங்கள், லாரிகள், வானிலிருந்து எடுத்த படங்கள். அவற்றில் அழகு இல்லை என்று சொல்ல மாட்டேன். சுருள் கரையின் படம் என்னையும் நிறுத்திப் பார்க்கவைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கலை காலி நிலம் என்ற நம்பிக்கையின்மீது நிற்கிறது. அமெரிக்காவின் மேற்கு எப்போது காலியாக இருந்தது? அங்கிருந்த பழங்குடிகளை அகற்றிய பிறகு கிடைத்த காலிதானே அது. ‘யாருமில்லா இடம்’ என்று ஒருவர் சொல்லும்போதெல்லாம் அங்கே விறகு பொறுக்கிய, கிழங்கு தோண்டிய, தண்ணீர் சுமந்த பெண்களைத்தான் முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிட்டிருப்பார்கள்.

இதை வகுப்பிலேயே பார்க்கலாம். திணைக் கோட்பாடு நடத்தும் நாளில் மாணவிகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு நிலக்காட்சியை வரையச் சொல்வேன். ஆண்டுதோறும் அதே படம்தான் வரும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, நான்கு கோடுகளில் பறவைகள், ஒரு தென்னை. மனிதர் இருக்க மாட்டார். இத்தனைக்கும் வரைகிறவர்களில் பாதிப்பேர் விடிகாலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் பேருந்து ஏறி வந்தவர்கள். ‘நிலக்காட்சி’ என்ற சொல்லிலேயே தள்ளி நின்று பார்க்கிற ஒருவர் இருக்கிறார். பார்க்கப்படுகிற நிலத்துக்குள் வேலை செய்கிறவள் இடறலாகிவிடுகிறாள்.

திணை அப்படியல்ல என்று அடுத்து நான் சொல்ல வேண்டும், சொல்வேன். நிலமும் பொழுதும் முதற்பொருள், மக்கள், தொழில், உணவு, பறை, மரம், விலங்கு எல்லாம் கருப்பொருள், மனம் உரிப்பொருள். மனிதரும் அவர்களது உழைப்பும் இல்லாமல் நிலம் என்ற ஒன்றை அந்தக் கோட்பாடு எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. தமிழாசிரியர்கள் பெருமையோடு நிறுத்திக்கொள்ளும் இடம் இது. இன்னும் இரண்டடி எடுத்துவைத்தால் பெருமை கொஞ்சம் கலங்கும். அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்களாக்காமல், கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் அனுப்பிவைக்கிறது இலக்கண மரபு. நிலத்தில் உழைப்பவர்கள் நிலத்தின் கருப்பொருளாக இருக்கலாம். அந்த நிலத்தின் காதலுக்கு உரியவர்கள் வேறு ஆட்கள். ஆக, காட்சியிலிருந்து மனிதரை நீக்கும் மரபு ஒருபுறம், மனிதரை உள்ளே வைத்து அவருடைய உள்ளத்தை மட்டும் வெளியே நிறுத்தும் மரபு மறுபுறம். கிராமத்து மக்களோடு சேர்ந்து நிலத்தை வடிவமைக்கிறோம் என்று வருகிற கலைஞருக்கு முன்னால் இரண்டு குழிகளும் இருக்கின்றன. இரண்டாவதில் விழுவதுதான் அதிகம். கிராமத்துப் பெண்ணின் கைவண்ணம், அவளது சின்னங்கள், அவளது கோலம் எல்லாம் சுவருக்கு வந்துவிடும். அவளுக்கு என்ன வேண்டும் என்பது வராது.

இனிப் பெண்ணியரிடமிருந்தே வரக்கூடிய எதிர்ப்புக்கு வருகிறேன். அது வலுவானது. தண்ணீர் சுமப்பது ஏன் பெண்ணின் வேலை என்ற கேள்வியை விட்டுவிட்டு, சுமப்பதைச் சுலபமாக்கித் தருவது எந்த விடுதலை? அழகான திட்டு வைத்த பம்படி, சுமக்கும் கடமையையும் அழகாக்கிவிடாதா? மேக்சின் மாலினோ நிகராகுவாப் புரட்சியைப் பற்றி 1985இல் எழுதிய கட்டுரையில், பெண்களின் அன்றாட நடைமுறைத் தேவைகளையும், அவர்களின் கீழ்நிலையையே மாற்றக்கூடிய நீண்டகால நலன்களையும் பிரித்துக் காட்டினார். குடத்துக்கான திட்டு முதல் வகை. அது கிடைத்துவிட்டால் இரண்டாம் வகைக்கான கோபம் தணிந்துவிடும் என்பது அச்சம். பஸ்தரில் இந்த அச்சத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இரும்புத் தாதுவுக்காகக் காடும் மலையும் குடையப்பட்ட நிலம் அது. 2005க்குப் பிறகு சல்வா ஜுடும் ஊர்களை எரித்துக் காலி செய்த நிலம். அந்த ஏற்பாடு சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2011 ஆனது. நிலமே பறிபோகிற இடத்தில் பம்படியில் பூவேலை எதற்கு?

இந்தக் கேள்வியை நான் கேட்டுப் பார்க்கும்போது நம் சுமைதாங்கிக் கற்கள் நினைவுக்கு வருகின்றன. இளம் மாணவிகள் பலருக்கு அந்தச் சொல் ஒரு பழைய படத்தின் பெயராகத்தான் தெரியும். 1962இல் ஸ்ரீதர் இயக்கிய அந்தப் படத்தில் சுமைதாங்கி ஓர் ஆண். குடும்பத்துக்காகத் தன் வாழ்க்கையைக் கரைத்துக்கொள்ளும் ஜெமினி கணேசன். கல்லின் கதை வேறு. வழியோரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தோள் உயரம். சந்தைக்கு மூட்டையும் கூடையும் சுமந்து போகிறவர்கள், இறக்கிவைக்கவும் மறுபடி ஏற்றவும் ஆள் தேடாமல், தலையிலிருந்து நேராக அந்தக் கல்லுக்கு நகர்த்தி, இளைப்பாறி, மறுபடி நகர்த்திக்கொண்டு போகலாம். நல்பரின் திட்டு செய்யும் அதே வேலை. பஸ்தருக்கும் நமக்கும் இடையே யாரும் கொண்டுபோய்க் கொடுத்த வடிவம் அல்ல இது. தலையில் சுமக்கும் உடம்பு எங்கே இருந்தாலும் அதற்குத் தேவைப்படும் உயரம் ஒன்றுதான்.

இந்தக் கல்லை யாருக்காக நட்டார்கள்? வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக. இறக்கி வைக்காத சுமையோடு போனவளின் உயிர் அலையும் என்றும், வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை அந்தக் கல்மீது இறக்கி வைக்கும்போதெல்லாம் அவளுடைய சுமையும் இறங்கும் என்றும் நம்பினார்கள். சில கற்களில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். வெறும் கல்லாக நிற்பவையும் உண்டு. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டால் அதில் வில்லும் வாளும் ஏந்தி அவனே நிற்பான். பீடும் பெயரும் எழுதுவார்கள். பிரசவத்தில் விழுந்தவளுக்கு நட்ட கல்லில் அவள் உருவம் இருக்காது. அவள் ஒரு பயன்பாடாக மாறி நிற்பாள். உயிரோடிருந்தபோது வீட்டுச் சுமை, செத்த பிறகு ஊர்ச் சுமை.

இத்தனை கசப்பையும் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்: சுமைதாங்கி நல்ல கல். அதை நட்டவர்கள் பிரசவ மரணத்தைத் தடுக்கவில்லை. சுமையை யார் சுமப்பது என்ற ஏற்பாட்டையும் மாற்றவில்லை. ஆனாலும் அந்தக் கல் முன்னால் போய் நின்ற ஒருத்தியிடம், நீ இப்போது இளைப்பாறினால் உன் கோபம் ஆறிவிடும், அதனால் சுமந்துகொண்டே நட என்று சொல்ல எந்தப் பெண்ணியத்துக்கும் உரிமை இல்லை. அவளுடைய முதுகெலும்பு நம் கோட்பாட்டின் அடமானப் பொருள் அல்ல. கழுத்து நோகும்போதுதான் ஒருத்தி போராட்டத்துக்கு வருவாள் என்ற கணக்கு கொடூரமானது, அனுபவத்துக்கும் ஒத்துவராது. கழுத்து நோகிறவள் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறாள். இளைப்பாறியவள்தான் பக்கத்தில் நிற்பவளிடம் பேச்சுக் கொடுக்கிறாள்.

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மகிளா சமாக்யா திட்டத்தின் மூலம், எழுத்தறியாத கிராமத்துப் பெண்கள், அவர்களில் பலர் தலித்துகள், அடிபம்பைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பழுது பார்த்ததை எழுதிவைக்க எழுத்து வேண்டியிருந்தது. எழுத்து வந்தபின் தங்களுக்கென்று ஒரு செய்தித்தாள் வேண்டும் என்று தோன்றியது. அந்த வட்டாரத்திலிருந்துதான் பின்னாளில் ‘கபர் லகரியா’ வந்தது. நடைமுறைத் தேவை, நீண்டகால நலன் என்ற இரண்டு பெட்டிகளில் இதை எதில் போடுவீர்கள்? ஸ்பேனரைப் பிடித்த கை பேனாவையும் பிடித்திருக்கிறது.

ஆகவே திட்டு வைத்ததில் எனக்குக் கேள்வி இல்லை. அதன் உயரத்தை யார் சொன்னார்கள் என்பதில்தான் என் கேள்வி. ஐந்தடிப் பெண்ணுக்குத் தோதான உயரம் பத்து வயதுச் சிறுமிக்கு எட்டாது. மருமகள்களும் சிறுமிகளும் தண்ணீர் எடுக்கிற ஊரில், கூட்டத்தில் பேசுகிறவர் மாமியார் அல்லது வார்டு உறுப்பினரின் கணவர். ‘சமூகத்தோடு சேர்ந்து வடிவமைத்தோம்’ என்ற வாக்கியத்தில் சமூகம் என்பது பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்குக் கூட்டத்துக்கு வர நேரம் இருந்தவர்கள். சமையலும் களையெடுப்பும் முடித்து வர முடியாதவளிடம் கேட்க வேண்டுமானால் அவள் வரும் இடத்துக்கு, அவள் வரும் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். பம்படியைத் தேர்ந்தெடுத்தது இந்த வகையில் சரியான முடிவு: கேட்க வேண்டியவர்கள் அங்கே ஏற்கெனவே கூடியிருக்கிறார்கள். கேட்பதற்கு மாதங்கள் ஆகும். மானியம் கொடுக்கிறவர்களின் அறிக்கைப் படிவத்தில் அதற்குக் கட்டம் இருப்பதில்லை.

நம் ஊரில் இதே வேலையைச் செய்யப் போனால் கேள்வி இன்னும் ஒரு படி முன்னால் தொடங்கும். எந்தக் குழாயடி? ‘ஊர்’ என்ற சொல்லே இங்கே சேரியைக் கழித்துவிட்டுத்தான் பொருள் தருகிறது. ‘ஊர் மக்களோடு சேர்ந்து’ என்று ஒரு கலைஞர் எழுதும்போது அவர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியின் தண்ணீரில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. தண்ணீரைச் சுற்றி ஒரு பொது இடத்தை அழகாக வடிவமைக்கலாம் என்று நினைக்கும் யாரும் அந்தத் தொட்டியைக் கடந்துதான் போக வேண்டும். ஆதிக்கச் சாதிப் பெண்ணுக்குச் சண்டை போடவும் சிரிக்கவும் இடம் தரும் அதே குழாயடி, இன்னொருத்தியை ஒதுங்கி நிற்கவைத்த இடமாகவும் இருந்திருக்கிறது. பெண்கள் கூடும் இடம் என்பதாலேயே அது எல்லாப் பெண்களுக்குமான இடமாகிவிடாது. பில்லா குடியில் ஆதிவாசிக் குழந்தைகளும் பிற குழந்தைகளும் ஒன்றாக வந்து உட்கார வேண்டும் என்பது முதலிலேயே எண்ணத்தில் இருந்தது. சுவர் ஓவியத்தைவிட அந்த ஏற்பாட்டைக் கட்டி எழுப்புவதுதான் கடினமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அலங்காரம் பற்றியும் ஒரு வார்த்தை. பயன் இருந்தால் போதாதா, உருவங்கள் எதற்கு என்று பொறியாளர்கள் கேட்பார்கள். பயன் வந்துவிட்டால் அது எப்படிக் கலை என்று கலைக்கூடத்தார் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் வாசலில் கோலம் போட்டுவிட்டுப் போகிற பெண்ணைக் காட்டினால் போதும். அரசாங்கப் பம்பு காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் ஒரே முகத்தோடு நிற்கிறது. அதில் ஓர் உருவம் ஏறியதும், இது இன்னாருடைய இடம் என்று ஆகிறது. தன் இடம் என்று ஆன பிறகுதான் அதில் பாசி பிடித்தால் ஒருத்திக்கு உறுத்துகிறது.

ஆனால் பாசியைத் தேய்ப்பவள் யார்? மியர்லே லேடர்மேன் உகெலெஸ் 1969இல், முதல் குழந்தை பிறந்த அடுத்த ஆண்டு, பராமரிப்புக் கலைக்கான ஓர் அறிக்கையை எழுதினார். ஹைசர் நெவாடாவில் மண்ணைப் பெயர்த்த அதே ஆண்டு. புதியதைப் படைப்பவருக்குக் கலைஞர் என்று பெயர்; படைத்ததைத் துடைத்து, கழுவி, காப்பாற்றி வைப்பவருக்கு ஏன் பெயரில்லை என்பது அவருடைய கேள்வி. பிறகு நியூயார்க் நகரின் 8,500 துப்புரவுப் பணியாளர்களையும் தேடிப் போய், ஒவ்வொருவரின் கையையும் குலுக்கி நன்றி சொல்வதையே ஒரு கலைப்படைப்பாக்கினார். கிராமத்துக் கலைத்திட்டங்களின் பட்டியலில் திறப்பு விழா நாள் இருக்கும். வடிகாலில் அடைத்த மண்ணை அள்ளிய நாட்கள் இருக்காது. திட்டமிடும்போதே அந்த வேலை யாருக்கு, எத்தனை நாளைக்கு, என்ன கூலிக்கு என்று பேசாவிட்டால் அது தானாகவே குடம் தூக்கியவள் தலையில்தான் விழும். சுமையைக் குறைக்க வந்த கலை ஒரு துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போன கதையாகும்.

பெயர் விஷயமும் இப்படித்தான். மும்பை தேசிய நவீனக் கலைக்கூடத்தில் 2018 டிசம்பரில் நவ்ஜோத்தின் ஐம்பதாண்டுப் பயணத்தைக் காட்டும் பெரிய கண்காட்சி திறக்கப்பட்டது. தகுதியான கௌரவம். கூடவே வேலை செய்தவர்களை உதவியாளர்களாகவோ கைவினைஞர்களாகவோ அல்லாமல் கலைஞர்களாகவே பெயர் சொல்லி வந்தவர் அவர். என்றாலும் கலை உலகின் நினைவு பெருநகரப் பெயரைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறது. எனக்கு இதில் சாந்திபாய் முக்கியமானவர். மரத்தில் செதுக்குவதும் உலோகம் வார்ப்பதும் பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்த இடத்தில், உளி பிடித்த பெண். திட்டின் உயரத்துக்கு அளவாக நிற்கும் பெண் ஒருத்தி. அந்தச் சுவரில் என்ன இருக்கவேண்டும் என்று முடிவு செய்து செதுக்கும் பெண் இன்னொருத்தி. முதலாமவளோடு மட்டும் நின்றுவிட்ட திட்டங்களைச் சேவை என்று சொல்லலாம். கூட்டாகச் செய்தது என்று சொல்ல இரண்டாமவள் வேண்டும். ஒரு ஊரில் முதல் ஆண்டு அப்படி ஒருத்தி இல்லாமல் இருக்கலாம். ஐந்தாம் ஆண்டும் இல்லையென்றால் அங்கே ஏதோ தவறு நடந்துகொண்டிருக்கிறது.

2019இல் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு வீடுதோறும் குழாய் வருகிறது. வரட்டும். தலைச்சுமை ஒழிவதை வருத்தத்தோடு எழுதும் கிராமியப் புலம்பல்களில் எனக்குப் பங்கு வேண்டாம். அவற்றை எழுதுபவர்கள் குடம் தூக்கியவர்களில்லை. பம்படிகள் மெல்ல ஆளற்றுப் போகும். சாலையை அகலப்படுத்தும்போது சுமைதாங்கிக் கற்கள் பெயர்க்கப்பட்டதைப் போல அவற்றின் திட்டுகளும் ஒருநாள் பெயர்க்கப்படலாம். ஆனால் குழாய் வீட்டுக்குள் வரும்போது குடம் என்ற அனுமதிச் சீட்டும் போய்விடுகிறது. தண்ணீர் எடுக்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அரைமணி நேரம் நின்றவள் இனி என்ன சொல்லிவிட்டு வருவாள்? தண்ணீர் எந்நேரம் வரும் என்று தெரியாத வீட்டில் அது வரும்வரை காத்திருக்கப் போவதும் அவள்தான். முன்பு தெருவில் பத்துப் பேரோடு காத்திருந்தாள், இப்போது தனியாகக் காத்திருக்கிறாள்.

கிராமத்துப் பெண்களோடு நிலத்தை வடிவமைக்க விரும்பும் மாணவிகள் என்னிடம் வரும்போது இதையே கொடுத்து அனுப்ப நினைக்கிறேன். சுமை இல்லாமல், வேலை இல்லாமல், காரணம் சொல்லாமல் ஒரு பெண் ஊருக்கு நடுவே வந்து உட்காரும்படியான ஓர் இடம். அதன் திட்டு தோள் உயரத்தில் இருக்க வேண்டியதில்லை. உட்காரும் உயரத்தில் இருந்தால் போதும். முதல் மாதம் அதில் யாரும் வந்து உட்கார மாட்டார்கள்.